‘சிஸ்டர்’ என்று கூப்பிட ஆள் இல்லை: ஓய்வுக்குப் பிறகு ஊழியம் தேடும் ஒரு வாசகிக்கு

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி, கோடு போட்ட தாளில் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 61. அரசு மருத்துவமனையில் 35 வருடம் நர்ஸ் வேலை பார்த்து, போன வருடம் ஓய்வு பெற்றார். அதற்கு ஐந்து மாதம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராதனைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த கணவர் நெஞ்சைப் பிடித்தபடி சரிந்துவிட்டார். 108 வரும்வரை இவர்தான் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். பிழைக்கவில்லை. மகன் பெங்களூரில், மகள் கோயம்புத்தூரில். இவர் மட்டும் கணவர் கட்டிய வீட்டில் தனியாக. “முப்பத்தைந்து வருஷம் என்னை எல்லாரும் சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். இப்போது காஸ் சிலிண்டர் கொண்டுவருகிற பையன் ஆச்சி என்கிறான்” என்று எழுதியிருக்கிறார்.

இரண்டு மாதம் முன்பு ஒரு கன்வென்ஷனுக்குப் போயிருக்கிறார். மேடையில் இருந்த ஊழியர், “இந்தக் கூட்டத்தில் ஒரு செவிலியர் உட்கார்ந்திருக்கிறாய், கர்த்தர் உன்னை அநேகருக்குத் தாயாக்கப் போகிறார்” என்று சொல்ல, இவர் அழுதுவிட்டார். அங்கே அறிமுகமான ஒரு பிரதர் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் தொடங்க டிரஸ்ட் வைத்திருப்பதாகவும், 12 லட்சம் கொடுத்தால் இவரையும் டிரஸ்டியாகச் சேர்ப்பதாகவும், ஒத்துவராவிட்டால் மூன்று வருடத்தில் பணத்தைத் திருப்பித் தருவதாகவும், ஜெர்மனியிலிருந்து ஒரு சபை உதவப்போவதாகவும் சொல்லியிருக்கிறார். வீட்டை விற்று, தன் அம்மா வழியில் வந்த 40 சென்ட் நிலத்தில் கணவர் பெயரில் இல்லம் கட்டலாம் என்பது இவர் திட்டம். மகள் “அம்மாவுக்கு மூளை குழம்பிவிட்டது” என்கிறாள். மகன் பெங்களூருக்கு வந்துவிடச் சொல்கிறான்.

கேள்வி இதுதான்: இது தேவ அழைப்பா, தனிமையா? பிள்ளைகள் பேச்சைக் கேட்டு நின்றுவிட்டால் கீழ்ப்படியாமை ஆகிவிடுமா? 61 வயதில் இனி யார் என்னை ஊழியத்துக்கு எடுப்பார்கள்?

அன்புள்ள சிஸ்டர்,

அப்படியே கூப்பிடுகிறேன். கடிதத்தைப் படித்து முடித்ததும் என் மனதில் ஒட்டிக்கொண்டது கன்வென்ஷனோ இல்லமோ இல்லை, அந்த சிலிண்டர் பையன்தான். வார்டில் சிஸ்டர், சபையிலும் சிஸ்டர், நம் ஊரில் இரண்டு இடத்திலும் ஒரே சொல். காலையில் எழுந்ததும் இன்னார் என்று தெரிந்து எழுந்த ஒருவர், ஐந்து மாத இடைவெளியில் மனைவி என்ற பெயரையும் சிஸ்டர் என்ற பெயரையும் சேர்த்தே இழந்திருக்கிறீர்கள். இதை ‘தனிமை’ என்று ஒரு வார்த்தையில் நீங்களே சுருக்கிக்கொள்ளாதீர்கள். அழைப்பா தனிமையா என்று கேட்டதற்கு என் பதில்: இரண்டும் இருக்கலாம், ஒன்று இருந்தால் மற்றது பொய்யாகிவிடாது. கன்வென்ஷன் கூட்டத்தில் உங்களுக்கு வந்த அழுகை உண்மையானது, அதை நான் ஒருபோதும் சந்தேகிக்க மாட்டேன். அந்த அழுகைக்குக் கட்டடம்தான் பதில் என்று உங்களுக்கு யார் சொன்னது, அதில்தான் எனக்குக் கேள்வி.

மூன்று மணி விழிப்பு

தினமும் அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, கர்த்தர் ஜெபிக்க எழுப்புகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜெபியுங்கள், நல்லது. ஆனால் அதே கடிதத்தின் நான்காவது பக்கத்தில், ஆறு கிலோ எடை குறைந்ததையும், சமைத்ததை அப்படியே மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவதையும், பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் பாட வாய் வராததையும் எழுதியிருக்கிறீர்கள். வேறு ஒரு அம்மா உங்கள் ஓ.பி.க்கு வந்து இதையெல்லாம் சொல்லியிருந்தால் நீங்கள் டாக்டரிடம் என்ன சொல்லி அனுப்பியிருப்பீர்கள்? விடியுமுன் விழிப்பு, பசி இல்லாமை, பிடித்ததில் ருசி போவது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் சேர்ந்து இருந்தால் மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். உங்களுக்குத் தெரியாததில்லை. நமக்கு வரும்போது மட்டும் அது வேறு ஏதோவாகத் தெரிகிறது.

முதலில் ஒரு பொது மருத்துவரிடம் போய் தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின், பி12 பார்த்துவிடுங்கள். பிறகு ஒரு மனநல மருத்துவரிடம் ஒரே ஒரு முறையாவது. போகத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் எலியாவை நினைத்துக்கொள்ளுங்கள். சூரைச்செடியின் கீழே படுத்து, சாக வேண்டும் என்று கேட்ட தீர்க்கதரிசிக்குத் தூதன் உடனே ஊழியம் கொடுக்கவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டு, மறுபடி எழுப்பி மறுபடி சாப்பிடச் சொன்னான். அடுத்த பொறுப்பு வந்தது அதற்கெல்லாம் பிறகு.

இன்னொன்று, கொஞ்சம் கஷ்டமானது. “எத்தனையோ பேரைக் காப்பாற்றினேன், என் கைக்குள் இருந்தவரை விட்டுவிட்டேன்” என்று எழுதி அதை அடித்திருக்கிறீர்கள். அடித்தாலும் படிக்க முடிகிறது. நின்றுபோன இதயத்தை வீட்டுத் தரையில் வெறும் கையால் அழுத்தி மீட்பது எவ்வளவு அரிது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அநேகருக்குத் தாயாகும் வேகத்தில் பாதி, அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஈடு கட்டும் முயற்சியோ என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாக இருந்தால் மன்னியுங்கள். ஆனால் இதை யாரிடமாவது, சபைப் போதகரான சேகரத்து ஐயரிடமோ அவர் மனைவி ஐயரம்மாவிடமோ ஒரு ஆலோசகரிடமோ, வாய்விட்டுச் சொல்லாமல் வீட்டை விற்காதீர்கள்.

இல்லம் என்ற எண்ணம்

தீர்க்கதரிசனத்தைப் பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதி இல்லை. ஒன்று மட்டும்: நம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் எந்தக் கூட்டத்தில் கை தூக்கச் சொன்னாலும் நாலு நர்ஸும் எட்டு டீச்சரும் இருப்பார்கள்! வார்த்தை உங்களுக்குத்தான் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். ‘அநேகருக்குத் தாய்’ என்றுதான் சொன்னார், 12 லட்சம் என்றோ டிரஸ்ட் என்றோ சொல்லவில்லை. அதைச் சேர்த்தது வேறு ஒருவர், அதுவும் கூட்டம் முடிந்து சாப்பாட்டுப் பந்தியில்.

டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவை உதாரணம் காட்டியிருக்கிறீர்கள். அவர் கதையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அவர் இல்லம் கட்டிவிட்டுக் குழந்தைகளைத் தேடவில்லை. 1901இல், ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடையே ஊழியம் செய்துகொண்டிருந்தவரிடம், கோயிலிலிருந்து தப்பி ஒரு ஏழு வயதுச் சிறுமி ஓடி வந்தாள். அந்த ஒரு பிள்ளையை விட முடியாமல் ஆரம்பித்ததுதான் பிறகு டோனாவூர் ஆனது. 1931இல் விழுந்து கால் முறிந்த பிறகு 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்து, அங்கிருந்தே எழுதிக்கொண்டிருந்தார். கல்லறைக்கு மேல் பெயர்ப் பலகைகூட இல்லை, பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டி, அதில் ‘அம்மா’ என்று மட்டும். உங்கள் கணவர் சார் பெயரில் இல்லம் வேண்டும் என்ற உங்கள் ஆசையை நான் குறை சொல்லவில்லை. நினைத்துப் பார்க்கத்தான் சொல்கிறேன்.

அந்தக் காலம்போல இன்று யாரும் பிள்ளைகளைக் கூட்டி வந்து வளர்க்க முடியாது, கூடவும் கூடாது. 2015ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டப்படி, அரசு உதவி வாங்கினாலும் வாங்காவிட்டாலும், குழந்தைகள் இல்லம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். இல்லாமல் நடத்தினால் பொறுப்பாளருக்கு ஒரு வருடம்வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். பெற்றோர் இல்லாமல் ஒரு பிள்ளை உங்கள் வாசலில் வந்து நின்றால்கூட 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் உதவி எண் 1098க்கோ காவல் நிலையத்துக்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவிக்க வேண்டும். ‘நல்ல எண்ணத்தில்தானே செய்கிறோம்’ என்பது இங்கே எடுபடாது. இரவில் பிள்ளைகளுடன் யார் தங்குகிறார்கள், பணியாளர் யார், ஒரு பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் போலீஸுக்குச் சொன்னது யார், சொல்லாமல் மறைத்தது யார் என்று கேள்வி வரும்போது டிரஸ்டி என்ற முறையில் உங்கள் பெயரும் அந்தக் காகிதத்தில் இருக்கும்.

அதைவிட முக்கியமானது, குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. அப்பா இறந்து அம்மா கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை அம்மாவோடே இருந்து படிக்க, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதியாதரவு உண்டு. மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாமல், எந்த ஆபீஸ் என்று தெரியாமல் எத்தனை விதவைத் தாய்மார் உங்கள் சபையிலேயே இருப்பார்கள்! 35 வருடம் அரசு ஆபீஸ் காகிதத்தோடு மல்லுக்கட்டிய உங்களுக்கு அது ஒரு மத்தியான வேலை.

வீடும் பணமும்

நான் வழக்கறிஞர் இல்லை. இந்தப் பகுதியை ஒரு வக்கீல் நண்பரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

சார் உயில் எழுதவில்லை, அதனால் வீடு எனக்கு வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறீர்கள். அது சரியில்லை. கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். உயில் இல்லாமல் கணவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. உங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஆக மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. மகனும் மகளும் கையெழுத்துப் போடாமல் முழு வீட்டையும் விற்க முடியாது. உங்கள் மகள் அப்படிக் கோபப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், அவளுக்கு இது தெரிந்திருக்கலாம், சொல்ல வாய் வராமல் வேறு ஏதோ சொல்லிவிட்டாள். அம்மா வழி 40 சென்ட் உங்கள் பெயரிலேயே பத்திரமாகி இருந்தால் அது உங்கள் இஷ்டம். ஆனால் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்துவிட்டால், மனம் மாறிவிட்டது என்று சொல்லித் திரும்பப் பெற முடியாது.

அந்த 12 லட்சம்: டிரஸ்டுக்குக் கொடுப்பது நன்கொடை. நன்கொடை திரும்பி வராது. மூன்று வருடத்தில் திருப்பித் தருகிறேன் என்றால் அது கடன், கடனுக்கு வேறு பத்திரம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறவருக்கு ஒன்று டிரஸ்ட் என்றால் என்ன என்று தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். நல்லவராகவே இருக்கட்டும். டிரஸ்ட் பத்திரம், பான், வருமான வரி விலக்குக்கான 12ஏ, 80ஜி சான்றுகள், கடந்த மூன்று வருடத் தணிக்கை அறிக்கை, எல்லாவற்றின் நகலையும் கேளுங்கள். நல்லவர் கொடுப்பார், கோபித்துக்கொள்ள மாட்டார். “விசுவாசம் இல்லையா சிஸ்டர்” என்று ஆரம்பித்தால் பதில் கிடைத்துவிட்டது.

ஜெர்மனிப் பணத்துக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு வேண்டும். பதிவுக்குப் பொதுவாக மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சமாவது சேவைக்குச் செலவழித்திருக்க வேண்டும். இல்லையென்றால் முன் அனுமதி வாங்க வேண்டும். பணம் முதலில் வந்து இறங்க வேண்டிய இடம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கு மட்டும்தான். உங்கள் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறேன் என்று யாராவது பேசினால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

ஓய்வூதியத் தொகையை இரண்டு வருடம் தொடாதீர்கள் என்பதே என் ஆலோசனை. தபால் நிலையத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம்வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி வரும். அந்த வட்டியிலிருந்து தசமபாகமோ அதற்கு மேலோ கொடுங்கள். யாரும் உங்களைக் கஞ்சம் என்று சொல்லப்போவதில்லை. பிள்ளைகளையும் கர்த்தருடைய காரியத்துக்கு எதிரிகளாகப் பார்க்காதீர்கள். அவர்களுக்கும் அப்பா போய் ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை.

61 வயது

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில், ஐந்தாம் அதிகாரத்தில், சபை தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டிய விதவைகளைப் பற்றி ஒரு விதி இருக்கிறது. வயது 60க்குக் குறையக் கூடாது! உங்களுக்கு ஒரு வருடம் கூடுதலாகவே இருக்கிறது. என்ன தகுதி கேட்கிறார் பாருங்கள்: பிள்ளைகளை வளர்த்தாளா, வந்தவர்களை உபசரித்தாளா, கால் கழுவினாளா, கஷ்டப்பட்டவர்களுக்கு உதவினாளா. மேடை ஏறினாளா, இல்லம் கட்டினாளா என்று கேட்கவே இல்லை. யோப்பா பட்டணத்துத் தொற்காளும் அப்படித்தான். அவள் செத்தபோது விதவைகள் பேதுருவிடம் கொண்டுவந்து காட்டியது அவள் தைத்துக் கொடுத்த துணிகளை.

‘முழுநேர ஊழியம்’ என்ற சொல்லே நம்மை ரொம்பக் குழப்பிவிட்டது என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. 35 வருடம் நைட் டியூட்டியில் பெட்பேன் எடுத்து வைத்தது பகுதிநேரமா? வேதம் முறையாகப் படிக்க ஆசை இருந்தால் செராம்பூர் பல்கலைக்கழகத்தில் திருச்சபை மக்கள் வீட்டிலிருந்தே படிக்கிற டிப்ளமோ இருக்கிறது. படிப்புக்கு வயது ஒரு தடையே இல்லை.

அந்த ஒரு வரி

இப்போது உங்கள் கடிதத்தின் ஐந்தாவது பக்கத்துக்கு வருகிறேன். ஒரே ஒரு வரி, நீங்களே அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். அடுத்த தெருவில் பக்கவாதத்தில் எட்டு மாதமாகப் படுத்திருக்கும் ஒரு தாத்தா. அவர் மனைவி வாசலில் நின்று உங்களைப் பார்த்துக் கூப்பிட்டு, “இடுப்புக்குக் கீழே ஒரு மாதிரி நாறுகிறது, கொஞ்சம் பாருங்களேன்” என்று கேட்டது. பார்த்தால் படுக்கைப் புண், இரண்டு விரல் அகலம். நீங்கள் சலைனால் கழுவிக் கட்டுப் போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எப்படிப் பக்கம் திருப்புவது, முதுகுக்குக் கீழே பழைய தலையணையை எப்படிச் செருகுவது என்று அந்த அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். வாரத்தில் மூன்று நாள் போகிறீர்கள். “அது சும்மா, பக்கத்து வீட்டு உதவி” என்று எழுதிவிட்டு மறுபடி இல்லத்துக்குப் போய்விட்டீர்கள். அந்த வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? எனக்குத் தெரிந்து ஆச்சி என்று கூப்பிட மாட்டார்கள்.

உங்கள் ஊரில் இப்படி இன்னும் பத்து வீடாவது இருக்கும். புற்றுநோய், பக்கவாதம், சிறுநீர்க் குழாயோடு கிடப்பவர்கள், பிள்ளைகள் வெளியூரில், கவனிப்பது எழுபது வயது மனைவி. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிப் போய் நோயாளியின் வலியையும் அவதியையும் குறைக்கிற நோய்த்தணிப்புச் சேவையும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த நர்ஸ் யார் என்று கேட்டு அவரோடு சேர்ந்துகொள்ளுங்கள், உங்களிடம் ஜூனியராக இருந்த யாராவதாகவே இருக்கலாம். மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே இதே நோய்த்தணிப்புப் பணி 1993இல் கோழிக்கோட்டில் சிறிதாகத் தொடங்கியது, இன்று அந்த மாநிலம் முழுக்க அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் நடத்துகிற வேலையாக வளர்ந்திருக்கிறது. திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்ற தொண்டு அமைப்பு நர்ஸ்களுக்கே தனியாக நோய்த்தணிப்புப் பயிற்சி தருகிறது. ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், பஸ்ஸில் அரை நாள்.

சில எச்சரிக்கைகள். நர்ஸிங் கவுன்சில் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் ஊசி, மருந்து வேண்டாம், ‘சிஸ்டரே டாக்டர் மாதிரி’ என்று ஊர் சொல்லும், மயங்கிவிடாதீர்கள். எல்லா மதத்து வீட்டுக்கும் போவீர்கள். ஜெபிக்கலாமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு அடுத்த தடவையும் அதே முகத்தோடு போங்கள். படுத்திருப்பவரால் எழுந்து போக முடியாது, அது நினைவிருக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் எங்கும் போகாதீர்கள்.

ஆறு மாதம் இப்படிச் செய்துவிட்டு, ஒரு நோட்டில் எந்த வீடு, என்ன புண், என்ன செய்தேன் என்று எழுதி வையுங்கள். சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இரண்டு பேரைக் கூட அழைத்துப் போய்ப் பழக்குங்கள். அதற்குப் பிறகும் இல்லம் என்ற எண்ணம் போகாமல் நின்றால், மகன், மகள், சேகரத்து ஐயர், ஒரு வக்கீல், ஒரு ஆடிட்டர் எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேசலாம். நானும் வருகிறேன். அந்த பிரதருக்கு இப்போதைக்கு, “ஆறு மாதம் ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லிவிடுங்கள், உண்மைதானே.

அப்புறம் அடுத்த கடிதத்தில் உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவையும், அந்தத் தாத்தாவின் புண் இப்போது எத்தனை விரல் அகலம் என்பதையும் எழுதுங்கள்.